சைக்கிளில் வருவோர் இறங்கிச் செல்லவும்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயம்புத்தூரிலிருந்து நீ போனில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ரைடு எப்படிம்மா போச்சு?” நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்: “நல்லாப் போச்சுப்பா.” இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நடந்ததை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் பாதியில் குறுக்கிட்டு, “நான் உடனே கெளம்பி வாரேன்” என்பாய். கடிதத்தில் ஒரு வசதி, படித்து முடிக்கும்வரை நீ உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மகனுக்கு எழுதுகிற பெற்றோர் அறிவுரை சொல்ல வேண்டும் என்பது மரபு. பணிக்காலம் முழுவதும் வகுப்பறையில் அதைத் தாராளமாக வழங்கியதில் என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் பிறந்த ஊர், உன் மாமா இருக்கிற ஊர் என்று சொன்னால் உனக்குப் போதும். வேறு யார் கண்ணிலாவது இது பட்டால் அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளட்டும், பெரும்பாலும் பொருந்தும்.

நீ பேங்க் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு சைக்கிள் கிளப் நடத்தப் போகிறேன் என்றபோது நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாவது நாள், “சைக்கிள்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தானா வந்துருதே, அதுல சொல்லிக் கொடுக்க என்ன இருக்கு?” என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். காரைக்குடியில் பெரிய பெரிய வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் அந்த அகலத் தெருக்களைப் போலப் பயிற்சிக்கு ஏற்ற இடம் தமிழ்நாட்டிலேயே இல்லை என்றாய். உண்மைதான். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், காவலாளி மட்டும் இருக்கிறார், அவரும் தூங்குகிறார். காலி பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்து அவற்றுக்கு இடையே வளைத்து ஓட்டச் சொன்னாய். ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டவும், ஆடாமல் பின்னால் திரும்பிப் பார்க்கவும், தரையில் நிற்கும் தண்ணீர் பாட்டிலை ஓட்டிக்கொண்டே குனிந்து எடுக்கவும் பழக்கினாய். மெதுவாக ஓட்டும் போட்டி ஒன்றும் வைத்தாய். கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவருக்குப் பரிசு. அரசு அலுவலகங்களுக்கு வெளியே அப்படி ஒரு போட்டியை நான் அன்றுதான் பார்த்தேன்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர், கூட ஒரு பொம்பளை வந்தால்தான் அனுப்புவோம் என்றார்கள். அந்தப் பொம்பளை நான்தான் என்று முடிவாயிற்று. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. பஞ்சர் சாமானும் வாழைப்பழமும் முதலுதவிப் பெட்டியுமாக ஸ்கூட்டியில் வரிசையின் பின்னால் ஊர்ந்து வரும் ‘கடைசி ஆள்’ ஆனேன். கடைசி ஆளுக்கு முன்னால் நடப்பதெல்லாம் தெரியும், எதையும் தடுக்க முடியாது. பிள்ளை பெறுவதற்கு முன்பே பெண்களுக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி அது. எனக்குப் பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்தது. ‘பள்ளத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். எதைப் பார்க்கிறாயோ சக்கரம் அங்கேதான் போகும்’ என்று நீ பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டபோதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. உன்னை நான் வளர்த்தது முழுக்கப் பள்ளங்களைச் சுட்டிக்காட்டித்தான். கிணற்றுப் பக்கம் போகாதே, பட்டாசைத் தொடாதே, பேங்கை விடாதே. நீ பெரிதாக எதிலும் விழவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பது இப்போது புரிகிறது.

அபிநயா வந்தது அந்த ஆண்டுதான். சரக்கு ஆட்டோ ஓட்டுபவரின் மகள். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் வந்தாள். கியர் வைத்த சைக்கிள்காரர்கள் எந்தக் கியர் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருப்பாள். தண்ணீர் பாட்டிலை எடுப்பதோடு நிற்காமல், அடுத்த சுற்றில் எடுத்த இடத்திலேயே நிற்க வைத்துவிட்டும் போவாள். “இவ ஒருத்தி போதும்மா, நான் வேலைய விட்டதுக்கு” என்று நீ சொன்னாய்.

அந்த மாசி மாத ரைடு உனக்கு மறந்திருக்காது. என் பிறந்த ஊர் வழியாகப் போகும் பாதையை நீ தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள்: லாரி வராது, இருபக்கமும் புளியமரம், மாமா வீட்டில் மோர். எனக்குத் தெரிந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்து மறைத்ததல்ல, ஞாபகமே வரவில்லை. நீ சின்ன வயதிலிருந்து அந்த ஊருக்குப் போனதெல்லாம் காரில். காரில் போகிறவர்களுக்கு அந்த வழக்கம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஊர் வளைவுக்குப் பக்கத்தில் வந்ததும் அபிநயா இறங்கிவிட்டாள். நீ விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தினாய்.

“என்னாச்சு, பஞ்சரா?”

“இல்ல சார். இங்குட்டு நாங்க இறங்கித்தான் போவோம்.”

“நாங்கன்னா?”

“இது எங்க மாமா ஊரு சார். கருப்பர் கோயில் தாண்டுற வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போவோம். நீங்க போங்க, நான் ஓடைக்கு அங்குட்டு வந்து ஏறிக்கிறேன்.”

பக்தி என்று நினைத்துக்கொண்டாய். கிளப்பின் முதல் விதி வேறு இருந்தது: ஒருவர் இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டும். நல்ல விதி. அத்தனை பிள்ளைகளும் இறங்கினார்கள், நீயும் இறங்கினாய். சங்கிலிகள் கடகடவென்று சத்தம் போட, முழு வீதியையும் தள்ளிக்கொண்டே கடந்தீர்கள். நான் ஸ்கூட்டியிலிருந்து இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த வீதியில் பிறந்தவளுக்கு அது தோன்றாது. கோயில் படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாத்தியாத்தா, டவுன் புள்ளைகளுக்கு இருக்க மரியாதைய! நம்ம ஊருப் பயலுகளுக்குச் சொன்னா எங்க கேக்குறாங்கெ? மாப்ள, பெருமையா இருக்குடா.”

எல்லாருக்கும் மோர் வந்தது. அபிநயாவுக்கும் வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டம்ளர். சமத்துவத்துக்காக பிளாஸ்டிக் ஆற்றிய தொண்டை நம் நாட்டில் யாரும் முறையாகப் பாராட்டியதில்லை.

அடுத்த முறை போனபோது வளைவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போர்டு நின்றது. ‘கோயில் வீதி. சைக்கிளில் வருவோர் இறங்கிச் செல்லவும். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.’ அதற்கு முன் அங்கே போர்டு கிடையாது. எழுதி வைக்கத் தேவையில்லாத அளவுக்கு உயிரோடிருந்த காலத்தில் அந்த வழக்கத்துக்குப் போர்டு வேண்டியிருக்கவில்லை. பிறகு இளவட்டங்கள் பைக் வாங்கியதில் அது தானாகத் தேய்ந்துகொண்டிருந்தது. கருப்பர் புல்லட்டுக்கு ஒன்றும் சொல்வதில்லை, டிராக்டருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. அவரே குதிரையில் வருகிறவர், இறங்கி நடந்ததாகக் கதை இல்லை. அவருக்கு ஆகாதது சைக்கிள் மட்டும்தான், அதிலும் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களின் சைக்கிள் மட்டும்தான். இப்படிச் சாகக் கிடந்த ஒன்றுக்கு நம் கிளப் போய் மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்துவிட்டது. நீ நடத்திய முதலுதவி வகுப்பு வீண்போகவில்லை.

அந்த முறை, வீதியில் யார் மட்டும் இறங்கித் தள்ளுகிறார்கள் என்பதை நீயும் கவனித்துவிட்டாய். அன்று வீட்டுக்கு வந்ததும், “அம்மா, ஒனக்கு இது தெரியுமா தெரியாதா?” என்று கேட்டாய். தெரியும் என்றேன். “நீ சோசியல் டீச்சர்தானே?” என்றாய். ஆமாம். தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது என்ற பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்தியிருக்கிறேன். கட்டாயம் கேள்வி வரும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். போட்டார்கள். கேள்வி வந்தது, மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பரீட்சை முடிந்து லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போவேன். வளைவுக்குப் பக்கத்தில் யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், “டீச்சர், நல்லா இருக்கீகளா?” என்பார்கள். நல்லா இருக்கேன் என்பேன். பாடமும் வீதியும் என் தலைக்குள் ஒன்றையொன்று இடிக்காமல், நீ பழக்கியதைவிடவும் சுத்தமான ஒற்றை வரிசையில் இத்தனை காலம் போய்க்கொண்டிருந்தன.

நீ மாமாவிடம் போய்க் கேட்டாய். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாங்க எப்ப மாப்ள இறங்கச் சொன்னோம்? அவுகளா இறங்குறாக. குடுக்குற மரியாதைய வேணாம்னு சொல்லச் சொல்றியா?”

“அப்பறம் போர்டு எதுக்கு?”

“அது ஒங்களப் பாத்துத்தானடா வச்சோம்!”

அடுத்த ஞாயிறு அபிநயாவை வரிசையின் முன்னால் விட்டு, யாரும் இறங்காமல் அந்த வீதியைக் கடப்பது என்று நீ தீர்மானித்தாய். அதற்கு முந்தின நாள் அவளுடைய அப்பா நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், நின்றுகொண்டே பேசினார். “தம்பி, நீங்க நல்லதுதான் நெனைக்கிறீக. ஆனா ஓட்டி முடிச்சதும் நீங்க காரைக்குடிக்கு வந்துருவீக. என் மச்சான் மறுநாளும் அங்கதான இருக்கணும்? ஒங்க மாமா வயலத்தான் அவன் வாரத்துக்கு உழுகுறான். வெளைஞ்சதுல பங்கு குடுத்துட்டு மிச்சத்த வச்சுத்தான் அவன் புள்ளைக படிக்குதுக.” நீ அவரிடம் சட்டம் பேசினாய். அவர் ஒவ்வொன்றுக்கும், “சரிதான் தம்பி” என்றார். வாசலில் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்த அபிநயாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். “சார், என்னைய முன்னால விட்டுக் கூட்டிக்கிட்டுப் போனா அது ஊர்வலம் சார். நான் ஊர்வலம் போக வரல. எனக்கு அந்த ரோட்டுல சும்மா போகணும், அவ்வளவுதான்.”   பாதையை மாற்றினாய். சாக்கோட்டைப் பக்கமாகவே எல்லா ரைடும் போயின. வைகாசியில் உனக்குக் கோயம்புத்தூரில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. காலேஜ் சேர்ந்திருந்த அபிநயாவின் கழுத்தில் உன் விசிலை மாட்டிவிட்டுப் போனாய்.

இனி உனக்குத் தெரியாதது. ஆடி மாதம் ஒரு ஞாயிறு, வழக்கமான பாதையைப் பாலம் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாற்றுப்பாதை முழுக்க ஜல்லி லாரி. அபிநயா முச்சந்தியில் வரிசையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். “டீச்சர், அங்குட்டு லாரியா வருது. இந்தச் சின்னதுகள வச்சுக்கிட்டு அதுல போக முடியாது. இங்குட்டுப் போயிரலாமா?” இங்குட்டு என்றால் எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “நீதான் லீடர், ஒனக்குச் சரின்னு படுறதச் செய்” என்றேன். கேட்பதற்குப் பெருந்தன்மை போல இருக்கும். முடிவெடுக்க நேராமல் தப்பித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வளைவுக்கு வந்ததும் அவள் இறங்கவில்லை. வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. “ஒத்த வரிசை!” என்று குரல் கொடுத்தாள். “பள்ளம்!” என்று கையைக் காட்டினாள். “மாடு கட்டியிருக்கு, மெதுவா!” ஒவ்வொன்றையும் பின்னால் வந்த பிள்ளைகள் வாங்கி வாங்கிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏய், போர்டு கண்ணுக்குத் தெரியல?” வரிசையில் கடைசியாக வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை, “நாங்க ரைடு போறோம் தாத்தா!” என்று பதில் சொல்லிவிட்டுப் போயிற்று. நடந்தது இவ்வளவுதான். சில பிள்ளைகள் ஒரு தெருவில் சைக்கிள் ஓட்டினார்கள். உன் மாமா கோயில் படியில்தான் இருந்தார். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வரிசை முழுவதும் போன பிறகு வந்த என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வணக்கம் மாதிரியும் இருக்கும், மன்னிப்பு மாதிரியும் இருக்கும், அப்படி ஒரு தலையாட்டல். ஓடையைத் தாண்டியதும் அபிநயா வரிசையை நிறுத்தினாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். ஒரு பையனைத்தான் திட்டினாள்: “முன்னாடி போறவனுக்கும் ஒனக்கும் எடவெளி விடச் சொன்னேன்ல? அவன் பிரேக் போட்டா எங்குட்டுப் போவ?”

அடியில்லை, வசவில்லை. உன் மாமா நாகரிகமானவர். சில நாள் கழித்து அபிநயாவின் மாமனைக் கூப்பிட்டு, “இந்த வருசம் நாங்களே உழுதுக்கிறோம்ப்பா” என்று மட்டும் சொன்னாராம், குழம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். என் அண்ணன் வீட்டில் யாரும் ஏர் பிடித்து நான் பார்த்ததில்லை. அதற்கடுத்த ஞாயிறு அபிநயா ரைடு வைக்காமல், பூட்டிய வீடுகளின் தெருவில் பெயிண்ட் டப்பா வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வளைக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். அங்கே அவளுடைய மாமன் வந்தார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்தேன். அவர் ஒரு சுவரோரம் நின்று, அவள் சொல்லிக்கொடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இனிமே அங்குட்டு வந்தா இறங்காத.”

“மாமா, நான் வேணும்னு செய்யல மாமா. லாரி...”

“நான் அதக் கேக்கலத்தா. இனி நீ இறங்குனாலும் வயலு திரும்பி வரப்போறதில்ல. அப்பறம் என்னத்துக்கு இறங்குற?”

கட்டட வேலை கேட்டு வந்ததாகச் சொன்னார். போகும்போது என்னிடம் வந்து தயங்கினார். “டீச்சர், ஒங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்குறீகளா? மிளகாயும் கடலையும் போட்டே கை பழகிப்போச்சு.”

இன்று காலையில் போனேன். அண்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். “வாத்தா, வா. ஒங்க அண்ணி கோழி அடிச்சிருக்கா.” அண்ணே, அந்த வயலு விசயமா என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டுப் பேசுவோம் என்றார். சாப்பிட்டோம். அண்ணி கை மணம் உனக்குத் தெரியும், நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன். சாப்பிட்டு முடிந்ததும் அண்ணன் படுத்துத் தூங்கிவிட்டார். எழுந்து காப்பி குடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

“அண்ணே, அந்த ஆளு பாவம்ணே. அவரு என்ன செஞ்சாரு?”

“பாவந்தான். யாரு இல்லேன்னா? எனக்கு மட்டும் ஆசையா? ஊர்ல நாலு பேரு கேக்குறாங்கள்ல. ஒண்ணும் பெருசா வேணாம்த்தா. அந்தப் புள்ளைய ஒரே ஒரு தடவ இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு. நாலு பேரு பாக்கட்டும். மறுநாளே அவன ஏர் பூட்டச் சொல்றேன்.”

இப்படிச் சொல்லிவிட்டு, நீ எப்போது வருகிறாய் என்று விசாரித்தார். கிளம்பும்போது ஸ்கூட்டியில் ஒரு பை கடலையைத் தூக்கி வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அபிநயா நாளைய ரைடுக்கு டியூப் எடுத்துப்போக வந்தாள். அடுப்படி வாசலில் இருந்த பையைப் பார்த்து ஒரு கை அள்ளி உரித்தாள். “நல்லாத் தெரண்டு இருக்கே. எங்குட்டு வாங்குனீக டீச்சர்?” ஊரில் கொடுத்தார்கள் என்றேன். உரித்த கை நின்றது. “ஒங்க அண்ணன் என்ன சொன்னாக?” சொன்னேன், ஒரு சொல் விடாமல். ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, மறுநாளே ஏர்.  பிறகு கேட்டாள்:

“அதுக்கு நீங்க என்ன சொன்னீக டீச்சர்?”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். பாடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளையைப் போலக் கேட்டாள். “கடலை குடுத்துவிட்டாக” என்றேன்.

கையிலிருந்த பருப்பைப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். “எங்க மாமா போட்டதுதானே” என்று சொல்லி, இன்னொரு கை அள்ளிக்கொண்டு, டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நாளை எந்த வழி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான் எதை விரும்புகிறேன் என்று அவள் திருப்பிக் கேட்டிருப்பாள்.

அம்மா